கரண்ட் இணைப்பு இல்லாத பாலைவனத்தில் ஒரு குளிர்காலம்: எத்தனை வாட் சோலார் போதும்?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். சியாட்டிலில் வேலை. மழையும் இருட்டும் அலுத்துவிட்டது. டிசம்பர் தொடங்கி மார்ச் முடிய அரிசோனா பாலைவனத்தில், குவார்ட்சைட் ஊர்ப் பக்கம், ஆர்வி எனப்படும் வீட்டு வண்டி ஒன்றில் தங்க நினைக்கிறீர்கள். நீங்கள், மனைவி, ஊரிலிருந்து வரப்போகும் அம்மா என்று மூன்று பேர். அங்கிருந்தே ஆபீஸ் வேலையும் நடக்க வேண்டும். கரண்ட் இணைப்பு, குழாய்த் தண்ணீர், சாக்கடை எதுவும் இல்லாத வெட்டவெளி. "எத்தனை வாட் சோலார் வாங்கினால் போதும்?" என்று கேள்வியை முடித்திருக்கிறீர்கள். வாட் கணக்கைக் கீழே சொல்கிறேன். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, அம்மாவைச் சிரமப்படுத்தாமல் வீட்டில் இருப்பதுபோலவே அங்கேயும் இருக்க முடியுமா என்பதைத்தான் என்று நினைக்கிறேன். அதற்கு விடை சோலாரில் இல்லை. வண்டிக்கு அடியில் தொங்கும் கழிவுநீர்த் தொட்டியில் இருக்கிறது.

என்னைப் பற்றி இரண்டு வரி. சரக்குக் கப்பல்களில் எலக்ட்ரிக்கல் ஆபீசராக 22 வருடம் ஓடினேன். கப்பலும் ஊர் கரண்ட் இல்லாத வீடுதான், கொஞ்சம் பெரிய வீடு. ஓய்வுக்குப் பிறகு நானும் மனைவியும் 24 அடி டிராவல் டிரெய்லர் ஒன்றில் ஆறு குளிர்காலம் அந்தப் பாலைவனத்தில் கழித்திருக்கிறோம். அங்கே இப்படி இணைப்பு எதுவும் இல்லாமல் தங்குவதை 'பூன்டாக்கிங்' என்பார்கள். முதல்முறை கேட்டபோது சிரித்துவிட்டேன். என்னோடு வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரர்கள் மலையை 'புந்தோக்' என்பார்கள். அமெரிக்கச் சிப்பாய்கள் அந்தச் சொல்லை அங்கிருந்து தூக்கி வந்து, ஆள் அரவமில்லாத இடத்துக்கெல்லாம் பெயராக்கிவிட்டார்கள்.

முதலில் இடம். அந்த ஊரைச் சுற்றியுள்ள நிலத்தில் பெரும்பகுதி மத்திய அரசின் நில மேலாண்மைத் துறைக்குச் சொந்தம். பிஎல்எம் என்றால்தான் அங்கே எல்லோருக்கும் புரியும். தங்க இரண்டு வழி உண்டு. ஒன்று இலவசம்: 28 நாளுக்குள் 14 நாள் இருக்கலாம், பிறகு 25 மைலாவது தள்ளிப் போய்விட வேண்டும். இன்னொன்று நீண்டகாலத் தங்கலுக்கென்று 1983 முதல் ஒதுக்கியிருக்கும் பகுதிகள். குவார்ட்சைட்டுக்குத் தெற்கே 95ஆம் எண் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் பரந்து கிடக்கும் லா போசா அப்படிப்பட்டது. 11,000 ஏக்கருக்கு மேல் இருக்கும். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதத்துக்கும் சேர்த்து நான் கட்டியது 180 டாலர். நீங்கள் போகும் வருடத்துக் கட்டணத்தை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். லா போசாவில் குடிநீர் பிடிக்கவும், தொட்டியைக் காலி செய்யவும், குப்பை போடவும் இடம் உண்டு. அம்மாவையும் வைத்துக்கொண்டு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூட்டை கட்டிக்கொண்டு அலைய வேண்டாம் என்றால் இதையே எடுங்கள். வண்டிக்கு வண்டி 15 அடி இடைவெளி விட வேண்டும் என்று விதி இருக்கிறது. நிஜத்தில் பக்கத்து வண்டியின் விளக்கு எட்டாத தூரத்தில் இடம் பிடிக்கலாம். ஜனவரியில் மட்டும் ரத்தினக்கல் சந்தைகளும் ஆர்வி கண்காட்சியும் சேர்ந்து ஊர் திணறும்.

இனி நீங்கள் கேட்ட வாட். இதில் என் கணக்கு மேலே கீழே கொஞ்சம்தான் தவறும் என்று நம்பிச் சொல்கிறேன். இரண்டு லேப்டாப், ஆளுக்கு எட்டு மணி நேரம்: 1,000 வாட் அவர் (ஒரு வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு வாட் அவர்). இன்டர்நெட்டுக்கான ஸ்டார்லிங்க் சேட்டிலைட் டிஷ் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் 800. பன்னிரண்டு வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் 600 முதல் 700. ஃபர்னஸ், அதாவது கேஸில் எரியும் ஹீட்டர், அதன் காற்றாடிக்கு மட்டும் 100 வாட் போகும். குளிர் இரவில் விட்டுவிட்டு ஐந்து மணி நேரம் ஓடினால் 500. விளக்கு, தண்ணீர் பம்பு, போன், மிக்ஸி எல்லாம் சேர்த்து 300. ஆக ஒரு நாளைக்கு 3,200 வாட் அவர் சொச்சம். 12.8 வோல்ட், 100 ஏஹெச் (ஆம்பியர் அவர்) லித்தியம் பேட்டரி ஒன்றில் 1,280 வாட் அவர் இருக்கும். நான்கு வைத்தால் 5,100. ஒன்றரை நாள் வெயிலே இல்லாவிட்டாலும் தாங்கும்.

பேனல் எத்தனை என்பதில்தான் புதிதாக வருபவர்கள் ஏமாறுகிறார்கள். பாலைவனம் என்றால் வெயில் கொட்டும் என்று நினைப்பு. டிசம்பர் கடைசியில் அங்கே உச்சிப் பொழுதிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 33 டிகிரிதான் ஏறும். நம் ஊரில் காலை எட்டரை மணி வெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் கூரையில் தட்டையாகப் படுத்திருக்கும் பேனல்மேல் அது சறுக்கிக்கொண்டு போகும். தட்டையாக வைத்தால் ஒரு நாளைக்கு முழுவெயில் கணக்கில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் கிடைக்கும். அதே பேனலைத் தெற்குப் பார்க்க நிமிர்த்தி வைத்தால் ஐந்து மணி நேரத்தை ஒட்டி வரும். ஆகவே 1,000 வாட் பேனலைத் தட்டையாக வைத்தால் இழப்புகள் போக 2,500 வாட் அவர், உங்களுக்குப் போதாது. நிமிர்த்தினால் 4,000, போதும். கூரையில் ஏறி நிமிர்த்தச் சோம்பலாக இருந்தால், பாதி பேனலைத் தரையில் மடக்குக் கால் வைத்து நிறுத்துங்கள். காற்றடிக்கும் நாளில் படுக்க வைக்க மறக்காதீர்கள். என் பக்கத்து வண்டிக்காரர் ஒருவர் மறந்தார். அவருடைய பேனல் கிரியோசோட் புதருக்குள் முகம் குப்புறக் கிடந்தது.

பேட்டரியில் இரண்டு எச்சரிக்கை. லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே, அதாவது பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. நல்ல பேட்டரியாக இருந்தால் அதற்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சர்க்கியூட்டே சார்ஜைத் தடுத்துவிடும். அங்கே ஜனவரி இரவு சராசரியாக ஐந்து டிகிரி. சில இரவுகள் பூஜ்யத்தைத் தொடும். பேட்டரியை வண்டிக்குள், கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டால் தலைவலி இல்லை. இரண்டாவது, ஒயர். பன்னிரண்டு வோல்ட்டில் 2,000 வாட் இன்வெர்ட்டர் முழு வேகத்தில் ஓடும்போது 170 முதல் 190 ஆம்பியர் இழுக்கும். கட்டைவிரல் தடிமனில் செம்பு கேபிள் வேண்டும், பேட்டரி முனையிலேயே ஃபியூஸ் வேண்டும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிற வேலையை இங்கேதான் எல்லோரும் செய்கிறார்கள். கப்பலில் நான் பார்த்த கேபிள் தீ விபத்துகளில் பெரும்பாலானவை தளர்ந்த இணைப்பில் தொடங்கியவை. இறுக்கி ஒரு வாரம் ஓடியபின் மறுபடி ஒருமுறை இறுக்குங்கள்.

வெட் கிரைண்டர் ஓடுமா என்று உங்கள் மனைவி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். தாராளமாக ஓடும். டேபிள் டாப் கிரைண்டர் 150 முதல் 200 வாட்தான். அரைமணி ஓடினால் 100 வாட் அவருக்குள் முடிந்துவிடும். ஹேர் டிரையர் நான்கு நிமிடத்தில் அதைத் தின்றுவிடும். இன்வெர்ட்டர் மட்டும் 'ப்யூர் சைன்' வகையாக இருக்கட்டும். மலிவான வகையில் மோட்டார் சூடேறி முனகும். அரைத்த மாவு பொங்குவதுதான் பாடு. இரவுக் குளிரில் அது அசையாது. ஐஸ் பெட்டி இருக்கிறதல்லவா, அதற்குள் மாவுப் பாத்திரத்தை வைத்து, இரண்டு பாட்டிலில் வெந்நீர் நிரப்பி இரு பக்கமும் முட்டுக்கொடுத்து மூடிவிடுங்கள். காலையில் பாட்டில் ஆறியிருக்கும், மாவு பொங்கியிருக்கும். அடுப்பின் ஓவனில் பைலட் தீயை ஏற்றி உள்ளே வைப்பதாகச் சிலர் சொல்வார்கள். மூடிய வண்டிக்குள் இரவெல்லாம் தீ எரிய விடுவதை நான் செய்யமாட்டேன்.

ஆக கரண்ட் பிரச்சினை காசு கொடுத்தால் தீரும். இரண்டு நாள் மேகம் போட்டால் சின்ன ஜெனரேட்டரை இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டினால் போதும். தண்ணீர் அப்படி இல்லை.

முதல் குளிர்காலத்தில் நான்காவது நாள் இரவு. மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குளியலறையிலிருந்து 'களக்' என்று ஒரு சத்தம் வந்தது. போய் விளக்கைப் போட்டேன். ஷவருக்கு அடியில் நின்று குளிக்கும் தட்டில் கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர். மஞ்சள் நிறம். மேலே இரண்டு கறிவேப்பிலையும் ஒரு கடுகும் மிதக்கின்றன. அன்று மதியம் வைத்த சாம்பார். சிங்க் தண்ணீரும் குளியல் தண்ணீரும் போய்ச் சேரும் தொட்டிக்கு 'கிரே டேங்க்' என்று பெயர். அது நிரம்பினால் வண்டியிலேயே தாழ்வான ஓட்டை வழியாக, அதாவது ஷவர் வழியாக, மேலே வந்துவிடும். 22 வருடம் கப்பலில் இருந்தவன். தொட்டி அளவு பார்க்க மறந்ததற்கு யாரைத் திட்டுவது? கப்பலிலாவது கடல்நீரைக் காய்ச்சி நன்னீர் செய்யும் இயந்திரம் உண்டு. இங்கே உள்ளே வந்த ஒவ்வொரு லிட்டரும் வெளியே போக வழி தேடி நிற்கும்.

உங்கள் மூன்று பேருக்குக் கணக்குப் போடுகிறேன். இந்த அளவு வண்டிகளில் கிரே டேங்க் 30 முதல் 40 கேலன் இருக்கும். கழிவறைக்கான 'பிளாக் டேங்க்' 30 கேலனை ஒட்டி. ஒரு கேலன் என்பது நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சிக்கனமாகக் குளித்தால் ஆளுக்கு எட்டு லிட்டர், மூன்று பேருக்கு ஆறு கேலன் சொச்சம். பாத்திரத்துக்கு நாலு கேலன். ஒரு நாளைக்குப் பத்து. ஆக 40 கேலன் தொட்டி நாலு நாளில் நிறைந்துவிடும். பிளாக் டேங்க் ஆறு ஏழு நாள் தாங்கும். முதலில் கழுத்தைப் பிடிப்பது கிரே டேங்க்தான், எப்போதும். அதைத் தரையில் திறந்துவிட்டால் என்ன, சோப்புத் தண்ணீர்தானே என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். நீண்டகாலத் தங்கல் பகுதியில் அது விதிமீறல். நம் சமையல் தண்ணீர் மண்ணில் விழுந்தால் எலியும் ஈயும் கூடும் என்பது வேறு.

நம் பழக்கங்களில் சில இங்கே கைகொடுக்கும். வாளியும் சொம்பும் வைத்துக் குளிப்பவருக்கு எட்டு லிட்டர் என்பது சாதாரணம். ஷவருக்குப் பழகிய அமெரிக்கர்கள் இதற்கே தனியாகப் பயிற்சி எடுக்கிறார்கள். அடுத்து, கொஞ்சம் கூச்சமான விஷயம். கழிவறையில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதால் தொட்டி சீக்கிரம் நிறையுமே என்று பயப்பட வேண்டாம். தண்ணீரே ஊற்றாமல் மிச்சம் பிடிப்பவர்களின் தொட்டியில்தான் கழிவு கோபுரமாகக் குவிந்து காய்ந்து, பைப்பு அடைத்துக்கொள்ளும். தண்ணீர் இருப்பது நல்லது. எண்ணெய்தான் எதிரி. தட்டையும் வாணலியையும் முதலில் பேப்பரால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவினால் பாதித் தண்ணீர் போதும், தொட்டியும் நாறாது. அரிசி களைந்த தண்ணீரை எடுத்து வைத்துப் பாத்திரத்தின் முதல் கழுவலுக்கு வைத்துக்கொள்வோம். குக்கர் மட்டும் இல்லாமல் போகாதீர்கள். கேஸும் தண்ணீரும் இரண்டும் மிச்சம்.

தொட்டியைக் காலி செய்ய வண்டியையே ஒவ்வொரு முறையும் நகர்த்த வேண்டாம். சக்கரம் வைத்த சின்னத் தொட்டி ஒன்றில் இறக்கி, கழிவைக் கொட்டும் இடமான டம்ப் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போகலாம். இல்லையென்றால் பணம் வாங்கிக்கொண்டு உங்கள் இடத்துக்கே வந்து உறிஞ்சிக்கொண்டு போகும் லாரிகள் உண்டு. 'ஹனி வேகன்' என்பார்கள். பெயர் வைத்தவனுக்கு நல்ல நகைச்சுவை. அம்மாவும் இருப்பதால் வாரம் ஒருமுறை அந்த லாரியை வரச்சொல்லிவிடுவதே நிம்மதி. இடையில் ஒருமுறை கிரே டேங்கை மட்டும் நீங்களே காலி செய்தால் போதும். குடிநீருக்குப் பிக்கப் டிரக்கின் பின்னால் போடும் ரப்பர் பை இருக்கிறது. 60 கேலன் பிடித்தால் 225 கிலோ எடை, அதை நினைவில் வைத்து ஓட்டுங்கள்.

குளிரைப் பற்றி அம்மாவுக்குக் கவலை இருக்கும். பகல் 18, 20 டிகிரி. கொடைக்கானலின் நல்ல பகல் போல. சூரியன் மறைந்த ஒரு மணி நேரத்தில் நிலைமை தலைகீழ். ஃபர்னஸ் மணிக்கு 30,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு) எரிக்கும் வகை என்றால், 20 பவுண்டு கேஸ் சிலிண்டர் ஒன்று மூன்று குளிர் இரவுக்கு வரும். இதனால்தான் பலர் கரண்ட் வேண்டாத, புகைக்குழாய் இல்லாத சின்ன கேஸ் ஹீட்டருக்குப் போகிறார்கள். நானும் முதல் வருடம் போனேன். கேஸ் மிச்சமானது உண்மை. ஆனால் ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகும். புகைக்குழாய் இல்லாததால் அது முழுக்க வண்டிக்குள்ளேயே தங்கும். அதோடு குக்கர் ஆவி, மூன்று பேர் மூச்சு. ஜன்னலில் வழிந்த தண்ணீரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தோம். பிப்ரவரியில் ஒருநாள் மெத்தையைத் தூக்கினால், அடிப்பலகையில் கரும்பச்சையாகப் பூஞ்சை, கோலப்பொடி கொட்டியதுபோலப் புள்ளி புள்ளியாக. அன்றோடு அந்த ஹீட்டருக்கு மாலை ஆறு முதல் எட்டு வரைதான் வேலை. அதுவும் எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டும் இரண்டு விரல் திறந்திருக்க வேண்டும். தூங்கும்போது ஃபர்னஸ்தான். அதன் புகை வெளியே போய்விடும்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் பற்றிச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. பழைய வண்டி வாங்கினால் முதல் வேலையாக அதைக் கழற்றிப் பின்பக்கத் தேதியைப் பாருங்கள். ஐந்து முதல் ஏழு வருடத்தில் அதன் ஆயுள் முடிந்துவிடும். பட்டனை அழுத்தினால் கத்துகிறதே என்று நம்பக் கூடாது. பட்டன் சோதிப்பது ஊதுகுழலை, உள்ளே இருக்கும் சென்சாரை அல்ல.

இதுவரை சொன்னது நான் கையால் தொட்டுத் தெரிந்தது. இனி வருவதில் பாதி என் துறை இல்லை. ஆனால் உங்கள் திட்டத்தைக் கவிழ்க்கக் கூடியது இதில்தான் இருக்கிறது. நீங்கள் எச்1பி என்ற வேலை விசாவில் இருப்பதாக ஒரு வரியில் போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். எச்1பி என்பது வேலை செய்யும் இடத்தோடு கட்டப்பட்டது. உங்கள் கம்பெனி தொழிலாளர் துறைக்குக் கொடுத்த படிவத்தில் சியாட்டில் பகுதி என்று இருந்தால், அந்தப் பெருநகரப் பகுதிக்கு வெளியே போய் மாதக்கணக்கில் வேலை செய்வதற்குத் திருத்த மனு போட வேண்டிவரும். 2015இல் வந்த ஒரு குடியேற்ற மேல்முறையீட்டுத் தீர்ப்புக்குப் பிறகு இதில் விட்டுக்கொடுப்பு குறைவு. குறுகிய காலத்துக்குச் சில விலக்குகள் இருக்கின்றன, 30 நாள், சில நிலைமைகளில் 60 நாள் என்று. நான்கு மாதம் அதில் அடங்காது. "எங்கள் கம்பெனி ரிமோட்தான், யாரும் கேட்கமாட்டார்கள்" என்று மேனேஜர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மேனேஜர் சொல்வது போதாது; கம்பெனியின் குடியேற்ற வழக்கறிஞரிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். வீட்டு முகவரி மாறினால் பத்து நாளுக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்கும் கடமையும் இருக்கிறது. அரிசோனாவுக்கு வருமான வரி உண்டு, சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் சம்பளத்துக்குக் கிடையாது. அதையும் ஒரு கணக்காளரிடம் கேளுங்கள்.

அதே வரிசையில் இன்னொன்று. குவார்ட்சைட்டுக்கும் தெற்கே எல்லையோரம் இருக்கும் யூமா நகருக்கும் நடுவே 95ஆம் எண் சாலையில், யூமாவிலிருந்து வடக்கே வரும்போது எல்லைக் காவல் படையின் சோதனைச்சாவடி உண்டு. யூமாவுக்கு மளிகை வாங்கப் போய்த் திரும்பும்போதெல்லாம் அதைக் கடக்க வேண்டும். நீங்கள் மூவரும் பாஸ்போர்ட்டையும் ஐ94 (அமெரிக்காவுக்குள் வந்ததற்கான பதிவு) பிரதியையும் கையிலேயே வைத்திருங்கள். அம்மா பதறாமல் இருக்க முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளிர்காலத்துக்கு வரும் வெள்ளைக்காரத் தாத்தா பாட்டிகள் எல்லோரும் யூமாவுக்குப் பக்கத்தில் எல்லையைக் கடந்து மெக்சிகோவின் லாஸ் அல்கொடோனஸ் ஊருக்கு நடந்து போய்ப் பல் கட்டிக்கொண்டு வருவார்கள், உங்களையும் கூப்பிடுவார்கள். போவது எளிது, திரும்பி வருவது உங்கள் விசாக் காகிதத்தைப் பொறுத்தது. போகாமல் இருப்பதே நல்லது.

அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்றால் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. அரிசோனா மண்ணில் ஒரு வகைப் பூஞ்சை உண்டு. தூசியோடு மூச்சில் போனால் 'வேலி ஃபீவர்' என்ற நுரையீரல் நோய் வரலாம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை, அல்லது சளிக்காய்ச்சல்போல வந்து போய்விடும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் அது முற்றக்கூடும். நான் மருத்துவன் இல்லை. எங்கள் வீட்டு வழக்கம், புழுதிக்காற்று நாளில் ஜன்னலை மூடிவிட்டு உள்ளேயே இருப்பது. ஊர் திரும்பியபின் இருமல் நீடித்தால் டாக்டரிடம் "அரிசோனாவில் இருந்தேன்" என்று தாமே சொல்லிவிடுவது. மருத்துவமனை பார்க்கர் என்ற ஊரில், 35 மைல். பெரிய சிகிச்சை என்றால் ஃபீனிக்ஸ், இரண்டு மணி நேரம். அம்மாவுக்குப் பயணக் காப்பீடு எடுக்கும்போது, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அது எவ்வளவு தூரம் பொறுப்பேற்கும் என்ற பக்கத்தை மட்டுமாவது முழுக்கப் படியுங்கள்.

பாம்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குளிர்மாதங்களில் ரேட்டில் பாம்புகள் பெரும்பாலும் வளைக்குள் முடங்கியிருக்கும். வெதுவெதுப்பான பிற்பகலில் தப்பித்தவறி வெளியே வரலாம். ஆறு வருடத்தில் நான் ஒன்றைப் பார்த்தேன், அதுவும் மார்ச் கடைசியில். உண்மையில் தொல்லை கொடுப்பது இரண்டு. ஒன்று எலி: 'பேக் ரேட்' என்ற வகை, இஞ்சினுக்குள் கூடு கட்டி ஒயரைக் கடிக்கும். இரவில் காரின் பானெட்டைத் திறந்து வைப்பதும், அடியில் சின்ன விளக்கு எரிய விடுவதும் பலரது வழக்கம். விளக்கு வேலை செய்கிறதா என்பதில் எனக்கே முழு நம்பிக்கை இல்லை; பானெட்டைத் திறந்து வைப்பது உதவியது. இன்னொன்று 'சோயா' (cholla) என்ற கள்ளி. பார்க்கப் பஞ்சுபோல இருக்கும். லேசாக உரசினாலே ஒரு உருண்டை கழன்று தோலில் ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கையிலும் ஒட்டும். சட்டைப்பையில் ஒரு சீப்பு வைத்துக்கொள்ளுங்கள். முள்ளுருண்டைக்கும் தோலுக்கும் நடுவே சீப்பைச் செருகி, ஒரே வீச்சில் வெளிப்பக்கம் தட்டிவிட வேண்டும். அம்மா நடைப்பயிற்சிக்குச் செருப்போடு கிளம்பினால் விடாதீர்கள், ஷூ போடச் சொல்லுங்கள்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது மணல் படிந்த, மரம் நிழல் தரும் பள்ளம் ஒன்று கண்ணில் படும். ஐயோ இவ்வளவு அழகாக இருக்கிறதே, ஏன் யாரும் பிடிக்கவில்லை என்று தோன்றும். அது 'வாஷ்', அதாவது காய்ந்த ஓடை. உங்கள் தலைக்கு மேல் மழை பெய்யாமலே, பத்து மைல் தள்ளி மலையில் பெய்த மழை அதில் வரும். கருங்கல் சல்லி பாவியதுபோல இறுகிக் கிடக்கும் மேட்டு நிலத்தில் வண்டியை நிறுத்துங்கள். மூக்கு வடமேற்குப் பக்கம் இருந்தால் பெருங்காற்றைப் பெரும்பாலும் முன்பக்கம் வாங்கிக்கொள்ளும் என்பது என் அனுபவம். உங்கள் வண்டியின் பேனல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பொறுத்து இதை மாற்றிக்கொள்ளலாம்.

வழியைப் பற்றிக் கொஞ்சம். சியாட்டிலிலிருந்து 1,300 மைல் சொச்சம். டிசம்பரில் ஐ5 சாலையில் ஓரிகான் கலிபோர்னியா எல்லையில் இருக்கும் சிஸ்கியூ கணவாய் 4,310 அடி உயரம். பனி கொட்டும், சக்கரத்துக்குச் சங்கிலி கேட்பார்கள். தொட்டியிலும் குழாயிலும் தண்ணீர் வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். உறைந்து வெடித்தால் குவார்ட்சைட்டில் இறங்கியதும் முதல் வேலை பிளம்பிங். குழாய்களில் ஆர்விக்கென்று விற்கும் ரோஸ் நிற ஆன்டிஃப்ரீஸை ஓட்டிவிட்டு வாருங்கள், கலிபோர்னியாவின் தெற்கே வந்தபின் கழுவித் தண்ணீர் நிரப்பலாம். முதல்முறை டிரெய்லர் இழுப்பவர் என்றால் கணவாய்க்கு முன் வானிலை பார்த்து ஒரு நாள் காத்திருங்கள். அம்மாவை அந்த வழியில் கூட்டிவர வேண்டாம். நீங்கள் போய் வண்டியை நிறுத்தி, எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்தபின் ஃபீனிக்ஸுக்கு விமானத்தில் வரச்சொல்லுங்கள்.

அம்மாவுக்கு அங்கே பொழுது போகுமா என்றும் கேட்டிருந்தீர்கள். இது ஆளைப் பொறுத்தது, என்னால் அடித்துச் சொல்ல முடியாது. என் மாமியார் ஒரு வருடம் ஆறு வாரம் வந்திருந்தார். முதல் வாரம் "இதென்ன சுடுகாடு மாதிரி" என்றார். பிறகு பக்கத்து வண்டி மினசோட்டாப் பாட்டி ஸ்வெட்டர் பின்னுவதைப் பார்க்கப் போனவர், மொழி தெரியாமலே தினமும் போனார். ஊருக்குள் ஹை ஜாலி என்பவருக்குப் பிரமிடு வடிவில் ஒரு கல்லறை இருக்கிறது, உச்சியில் ஒட்டகம். 1850களில் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் சுமை தூக்க ஒட்டகங்களை இறக்குமதி செய்தபோது அவற்றோடு வந்த ஹாஜி அலி என்ற ஒட்டகக்காரர். அவர் பெயர் இவர்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது. மாமியாருக்கு அந்தக் கல்லறையை ரொம்பப் பிடித்துப்போனது. "பாவம், எங்கிருந்தோ வந்தவன்" என்பார்.

இவ்வளவுக்கும் பிறகு போவது என்று முடிவெடுத்தால், வண்டியை வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். அதே அளவு வண்டி ஒன்றை ஐந்து நாள் வாடகைக்கு எடுத்து உங்கள் வீட்டு வாசலில் நிறுத்துங்கள். வாசலில் நிறுத்த அனுமதி இல்லையென்றால் இணைப்பு இல்லாத ஏதாவது கேம்ப் மைதானம். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு நீங்கள் இருவரும் வண்டியிலேயே சமைத்து, குளித்து, ஆபீஸ் வேலையும் பாருங்கள். ஒரு நோட்டில் தினமும் இரவு மூன்று எண் மட்டும் எழுதுங்கள்: பேட்டரி எத்தனை சதவீதம், கிரே டேங்க் எவ்வளவு, பிளாக் டேங்க் எவ்வளவு. தொட்டி அளவு காட்டும் விளக்குகள் பொய் சொல்லும், அதனால் சிங்க்கில் ஊற்றுவதை வாளியால் அளந்துகொள்ளுங்கள். அந்த மூன்று எண்ணையும் இங்கே போடுங்கள். எத்தனை பேனல், எந்தத் தொட்டி, வாரத்துக்கு எத்தனை முறை லாரி என்று உங்கள் வீட்டுக் கணக்கிலேயே சொல்கிறேன்.